அண்ணி செய்த காகித முட்டை

என் அண்ணியைப் போல மெதுவாகப் பேசுகிற மனுஷியை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அதனால்தானோ என்னவோ, நாலு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு அவர் சொல்வதைக் கேட்பார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தனும் மதிக்க மாட்டான். தையல் கடைக்கு மேலே மாடியை வாடகைக்கு எடுத்து நாங்கள் இருவரும் இந்த மழலையர் பள்ளியை நடத்துகிறோம். பாடம் அவர் பொறுப்பு. கதவு, பூட்டு, கழிப்பறை, மூக்குத் துடைப்பது, பெற்றோரோடு சண்டை போடுவது எல்லாம் என் பொறுப்பு. அண்ணன் லாரியோடு ஊர் சுற்றுகிறவன். அவன் வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு விருந்தாளி வந்த மாதிரிதான்.

அண்ணிக்கு ஒரே ஒரு பிடிவாதம். பிள்ளைகளிடம் பொய் சொல்ல மாட்டார். ஊசி வலிக்காது என்று சொல்ல மாட்டார். அம்மா இதோ வந்துடுவாங்க என்று சொல்ல மாட்டார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு தங்கை காய்ச்சலில் இறந்துபோனாளாம். "அத்தை வீட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவா" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இவர் தினமும் தன் பிஸ்கட்டில் பாதியைத் தங்கைக்கென்று ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். டப்பா நிறைந்து, எறும்பு மொய்த்து, யாரோ அதைக் குப்பையில் கொட்டியபோதுதான் அவள் வரப்போவதில்லை என்று புரிந்ததாம். கல்யாணமாகி வந்த புதிதில் இதை என்னிடம் சொன்னார். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

வகுப்பறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு ஸ்டோர் ரூம். உடைந்த நாற்காலி, பழைய படங்கள், நாடகத் துணி எல்லாம் அங்கே கிடக்கும். மேலே பரண். பரணை ஒட்டிய சுவரில் கம்பி பெயர்ந்துபோன ஒரு காற்றுத் துவாரம். ஒரு நாள் சாக்பீஸ் எடுக்கக் கதவைத் திறந்தேன். மேலிருந்து ஒரு சீறல். பாம்பு சீறினால் ஒரு கட்டத்தில் நிறுத்தும். இது நிறுத்தவில்லை. மூச்சு முட்டுகிற யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவதைப் போல இழுத்துக்கொண்டே போனது. நிமிர்ந்து பார்த்தேன். இருட்டில் வெள்ளையாக ஒரு முகம். உடம்பு இல்லை, முகம் மட்டும். அது மெல்லச் சாய்ந்து என்னைப் பார்த்தது. சாக்பீஸ் டப்பாவை அங்கேயே போட்டுவிட்டு, பேயறைந்த மாதிரி வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கூகை. ஆந்தையில ஒரு வகை. முட்டை போட்டிருக்கு."

"எதுவா இருந்தா என்ன? ஆளைக் கூப்பிட்டுத் துரத்துங்க அண்ணி. பள்ளிக்கூடத்துல பேய் இருக்குன்னு பசங்க ஏற்கெனவே வீட்டுல போய்ச் சொல்ல ஆரம்பிச்சாச்சு."

"அப்ப பேய் இல்ல, ஆந்தைன்னு காட்டிடுவோம். முட்டையில இருந்து பறக்கிற வரைக்கும், கூடவே பாடம் நடத்தலாம்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரில் பட்டாம்பூச்சி இல்லையா, தவளை இல்லையா? எல்லாரும் அதைத்தானே சொல்லிக் கொடுக்கிறார்கள்? என் பேச்சை யார் கேட்டார்கள்!

அண்ணி ஒரு நீளக் குச்சியின் நுனியில் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டினார். பறவைகள் அசந்து கிடக்கிற பகல் நேரத்தில் அதைப் பரணுக்கு மேலே உயர்த்திப் பார்ப்பார். கண்ட கண்ட எலும்பும் ரோமமும் உருண்டையாய்க் கிடக்கும் தரையில் ஐந்து முட்டைகள். வகுப்புச் சுவரில் பெரிய தாளில் ஒரு வட்டம் வரைந்தார். மேலே முட்டை. அம்புக்குறி. பஞ்சுக் குஞ்சு. அம்புக்குறி. இறகு முளைத்த குஞ்சு. அம்புக்குறி. பெரிய ஆந்தை. அங்கிருந்து இன்னொரு அம்புக்குறி மறுபடி முட்டைக்கு.

அண்ணி எதையும் நடித்துக் காட்டாமல் சொல்லித்தர மாட்டார். அதற்காக ஒரு முட்டை செய்தார். இரண்டு பெரிய கூடைகளை வாயோடு வாய் கவிழ்த்து, பின்னல் கண் தெரியாதபடி வெள்ளைக் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டியிருந்தார். உள்ளே ஒரு பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். காற்றுக்காகப் பின்பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஒரு பிள்ளை உள்ளே போனதும் மற்றவர்கள் பசை தடவிய காகிதத் துண்டுகளால் விளிம்பைச் சுற்றி ஒட்ட வேண்டும். உள்ளே இருப்பது மூச்சுப் பேச்சு காட்டாமல் இருக்க வேண்டும். பிறகு தட்டி, கிழித்து, சீறிக்கொண்டே வெளியே வர வேண்டும்.

முதல் குஞ்சாக வந்தது கீழே தையல் கடைக்காரியின் மகள். எல்லாரும் அவளை டெய்லரக்கா மகள் என்பார்கள். நான் முழியழகி என்பேன். அப்படி உருண்ட கண். இமைக்கவே இமைக்காமல் பார்ப்பாள். வயதுக்கு மீறிய உடம்பு, எந்நேரமும் வாயில் ஏதாவது மெல்ல வேண்டும். அவளை முட்டைக்குள் வைத்து ஒட்டினார்கள். எல்லாரும் காத்திருந்தோம். தட்டவில்லை. பிள்ளைகளின் சிரிப்பு அடங்கியது. அண்ணி குனிந்து கை வைக்கப் போனபோது உள்ளே இருந்து அந்தச் சீறல் வந்தது. ஸ்டோர் ரூமில் நான் கேட்ட அதே சீறல். மற்ற பிள்ளைகள் எல்லாம் பாம்பு மாதிரி 'உஸ் உஸ்' என்பார்கள். இவள் மட்டும் அப்படியே அச்சு அசலாக இழுத்தாள். வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பே இல்லை.

பரணிலும் முட்டைகள் பொரிந்தன. ஒரே நாளில் இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக. அதனால் குஞ்சுகள் படிக்கட்டு மாதிரி பெரிதும் சிறிதுமாக நின்றன. கண்ணாடியில் அவற்றைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கும். கிழவன் முகம், பஞ்சு உடம்பு, எல்லாம் சேர்ந்து ஆடி ஆடிச் சீறும். பிள்ளைகளோ வரிசையில் நின்று, "இன்னைக்கு அஞ்சும் இருக்கா டீச்சர்?" என்று கேட்பார்கள். அண்ணி பார்த்துவிட்டு, "அஞ்சும் இருக்கு" என்பார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் பெய்தது. மழையில் ஆந்தையால் வேட்டையாட முடியாதாம். ஒரு காலை கண்ணாடியில் நாலுதான் தெரிந்தது. அண்ணி குச்சியை இப்படியும் அப்படியும் திருப்பினார். கடைசிக் குஞ்சு இல்லை. மூலையில் பஞ்சு ஒட்டிய ஒரு சின்னக் கால் மட்டும் கிடந்தது.

"பறந்து போச்சுன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"ரெக்கையே முளைக்கல. எப்படிப் பறக்கும்?"

"அண்ணி, எல்லாம் வாண்டுங்க. நிஜத்தைச் சொல்லி என்ன கிரீடமா வைக்கப் போறாங்க?"

"டப்பாவுல பிஸ்கட் சேர்த்து வைப்பாங்க" என்றார் அண்ணி.

அவர் வகுப்பில் உட்கார்ந்து, அந்த மெதுவான குரலில் சொன்னார். சாப்பாடு பத்தலை. கடைசிக் குஞ்சு பலமில்லாமப் போச்சு. பெரிய குஞ்சுங்களுக்குப் பசி தாங்கல. அதுல ஒண்ணு சின்னதைத் தின்னுடுச்சு. பிள்ளைகள் அழவில்லை. ஒருத்தன் மட்டும் "உவ்வே" என்றான். முழியழகி கையைத் தூக்கினாள்.

"முதல் குஞ்சுதான் தின்னுச்சா டீச்சர்?"

"எதுன்னு தெரியலம்மா. பெரிசு ஏதோ ஒண்ணு."

"பசிச்சதாலயா?"

"ஆமா."

அவள் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

டெய்லரக்காவுக்கு ஆறேழு மாதத்தில் ஒரு ஆண் குழந்தை இருந்தது. சளி பிடித்த மார்பு, மூச்சு விட்டால் கீச்சுக் கீச்சென்று இழுக்கும். கடையில் மிஷினுக்குப் பக்கத்தில் தொட்டிலில் கிடப்பான். முழியழகிதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். டெய்லரக்கா நல்லவள்தான், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. மகள் தட்டை வழித்துவிட்டுக் குழந்தையின் பிஸ்கட்டிலும் கை வைத்தால், "எப்பப் பாரு பசி பசி. விட்டா தம்பியையும் தின்னுடுவா இவ!" என்று சொல்லிச் சிரிப்பாள். நாங்கள் எல்லாரும்தான் சிரித்தோம். எந்த வீட்டில் இப்படிப் பேசவில்லை?

ஒரு நாள் படியேறும்போது அந்தப் பெண் என் புடவையைப் பிடித்து இழுத்தது.

"மிஸ், எனக்கு எப்பவும் பசிக்குது."

"வளர்ற புள்ள, பசிக்காம என்ன செய்யும்?" என்று கையில் ரொட்டித் துண்டைக் கொடுத்தேன். வாங்கித் தின்றாள். தின்றுகொண்டே தொட்டிலில் தூங்குகிற தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல பிள்ளையை அப்படி நினைப்பானேன் என்று மேலே போய்விட்டேன்.

அடுத்த வாரம் அவள் சுவரில் இருந்த வட்டத்துக்கு முன்னால் நின்று, அம்புக்குறிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இது திரும்ப முட்டைக்குப் போயிடுமா?"

"போகும். சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும்" என்றார் அண்ணி. பொய் சொல்லாத மனுஷி சொன்ன உண்மைதான் அது. அந்தத் தலைக்குள் அது எங்கே போய் உட்கார்ந்தது என்று யார் கண்டார்கள்!

மழை விட்டது. குஞ்சுகள் இறகு முளைத்து, ஒவ்வொன்றாகத் துவாரம் வழியாக வெளியேறின. பரண் காலி. பாடமும் முடிந்தது. காகித முட்டையை ஸ்டோர் ரூமில் தள்ளிவிட்டு, எனக்கு விட்டது தொல்லை என்று கதவைச் சாத்தினேன்.

அன்று பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம்கூட ஆகவில்லை, மறுபடி மேகம் கூடி அறையே கருத்துவிட்டது. மின்சாரமும் போனது. நான் கழிப்பறையைக் கழுவி முடித்து, அப்போதுதான் வகுப்புத் தரையைத் துடைக்க ஆரம்பித்திருந்தேன். கீழே மிஷின் சத்தம் நின்று ரொம்ப நேரம் ஆகியிருந்தது. திடீரென்று டெய்லரக்காவின் அலறல்.

"ஐயோ, எம்புள்ளையைக் காணோமே!"

மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, தைத்த துணியைக் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறாள். போன இடத்தில் அளவு எடுக்க உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்தால் தொட்டில் காலி. தெருவே திரண்டுவிட்டது. பையோடு போன ஒரு ஆளைப் பார்த்ததாக ஒருத்தர், ஆட்டோ நின்றதாக ஒருத்தர், ஆளுக்கொரு பக்கம் மழையில் ஓடினார்கள்.

முழியழகி மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. உள்ளங்கையில் காய்ந்திருந்த எதையோ நிதானமாக உரித்துக்கொண்டிருந்தாள். டெய்லரக்கா அவளைப் பிடித்து உலுக்கினாள்.

"தம்பி எங்கடி? யார் தூக்கிட்டுப் போனா? சொல்லித் தொலைடி!"

"தம்பி இல்ல" என்றாள் அந்தப் பெண். "இனிமே எனக்குப் பசிச்சாலும் ஒண்ணும் ஆகாதும்மா."

டெய்லரக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. இமைக்காத அந்தக் கண்ணையும், தாடையையும் ஒரு நொடி பார்த்தேன். சீ, என்ன புத்தி இது என்று என்னையே திட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மேஜைக்கு அடியில் பார்த்தேன். கழிப்பறையில் பார்த்தேன். ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தேன். கும்மிருட்டு. நடுவில் அந்த முட்டை மட்டும் மங்கலாக, வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல் முழுசாக உட்கார்ந்திருந்தது. அப்போது அந்தச் சீறல். மெலிதாக, இழுத்து, விட்டு விட்டு. கதவை அறைந்து சாத்திவிட்டு ஒரே ஓட்டமாகக் கீழே வந்தேன்.

அண்ணி படியில் அந்தப் பெண்ணுக்கு எதிரே மண்டியிட்டு, அவள் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல எங்கயும் இல்ல அண்ணி. ஸ்டோர் ரூம்லயும் பார்த்துட்டேன். அந்தச் சனியனுங்கதான் சீறிக்கிட்டு இருக்கு."

அண்ணி நிமிர்ந்தார்.

"எது சீறுது?"

"அதான், பரண் மேல."

"பரண் மேல யாருமில்ல" என்றார் அண்ணி.

அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் பின்னால் ஓடினேன், எனக்குப் பின்னால் டெய்லரக்கா. அண்ணி இருட்டில் முட்டையைத் தடவினார். விளிம்பைச் சுற்றிலும் காகிதம் ஒட்டியிருந்தது. பின்பக்கம் அவர் விட்டிருந்த ஓட்டையைக் காணோம். அதன்மேலும் துண்டு துண்டாக, அழுத்தி அழுத்தி ஒட்டியிருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. அவர் இரண்டு கையாலும் அந்த இடத்தைக் குத்திக் கிழித்தார்.

எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"உடைக்காதீங்க டீச்சர்! உடைக்காதீங்க! வெளிய வந்தா நான் தின்னுடுவேன்!"

கூடை பிளந்தது. குழந்தை உள்ளே நாடகத் துணிக்கு நடுவே, முழங்கால் மடங்கி, வியர்வையில் நனைந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மார்பு மட்டும் கீச்... கீச்... என்று ஏறி இறங்கியது. அண்ணி வாரி எடுத்துக்கொண்டு வகுப்பு ஜன்னலுக்கு ஓடினார். மழைக்காற்று முகத்தில் அடித்ததும் அவன் ஒரு முறை விக்கினான். பிறகு வீறிட்டான். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை என் ஜென்மத்தில் நான் கேட்டதில்லை. டெய்லரக்கா அவனைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே சரிந்துவிட்டாள். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, மார்பைக் கேட்டு, பயமில்லை என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

முழியழகி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். டெய்லரக்கா அவளை அடிக்கக் கையை ஓங்கினாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணுன? பாவி! ஏண்டி?"

கைக்கு நடுவிலிருந்து பதில் வந்தது. "நீதானேம்மா சொன்ன, தம்பியைத் தின்னுடுவேன்னு? டீச்சரும் சொன்னாங்க, பெரிசுக்குப் பசிச்சா தின்னுடும்னு. நான்தான் முதல் குஞ்சு. அதான் திரும்ப முட்டைக்குள்ள வச்சுட்டேன்."

ஓங்கிய கை இறங்கியது. டெய்லரக்கா என்னைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அடிப்பதென்றால் அங்கே நின்ற எங்கள் எல்லாரையும்தான் அடிக்க வேண்டும்.

அண்ணி போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் விரல் மூட்டெல்லாம் கூடைக் குச்சி கிழித்து ரத்தம்.

"நான் சொன்னது நிஜம்தான்" என்றார். "ஆனா பாதிதான் சொன்னேன். பெரிய குஞ்சு சில சமயம் தனக்கு வந்த எலியைத் தானே சின்னதுக்குக் கொடுக்கும். தான் தின்னாம, கொண்டுபோய் அது வாயில வைக்கும். அதைச் சொல்லாம விட்டுட்டேன்."

"நிஜமாவா?"

"நான் உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேனா?"

அவள் யோசித்து, இல்லை என்று தலையாட்டினாள்.

"இப்பப் பசிக்குதா?"

"ம். ரொம்ப."

"சரி, தம்பியைப் பாரு. நல்லாப் பாரு. தின்னணும்னு இருக்கா?"

இதெல்லாம் ஒரு குழந்தையிடம் கேட்கிற கேள்வியா? அவள் வாயிலிருந்து கையை மெல்ல எடுத்தாள். அம்மா மடியில் இருந்த தம்பியை இமைக்காமல் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"இல்ல டீச்சர்" என்றாள் கடைசியில், அவளுக்கே ஆச்சரியமாக. "வாழைப்பழம் வேணும்."

என் மதிய உணவில் மீந்திருந்த பழத்தை உரித்துக் கொடுத்தேன். அவள் ஒரு கடி கடித்தாள். மென்றாள். விழுங்கவில்லை. மென்றதில் துளியூண்டு விரலில் எடுத்து, தம்பியின் உதட்டில் தடவினாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டு நக்கினான். டெய்லரக்கா தடுக்கவில்லை. மகளை இழுத்து மடியின் மறுபக்கம் உட்கார வைத்து, அவள் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். அதன் பிறகு அந்தக் கடையில் அந்தக் கிண்டலை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எல்லாரும் போன பிறகு அண்ணி சுவரில் இருந்த வட்டத்தைக் கழற்றினார். கத்தரிக்கோலால் படங்களைத் தனித்தனியாக வெட்டி, ஒரு நீளத் தாளில் வரிசையாக ஒட்டினார். ஆந்தைக்குப் பிறகு அம்புக்குறி இல்லை. அப்போதுதான் அவர் அழுதார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பசையைப் பிடித்துக்கொண்டேன்.

கூகைகள் மறுபடி வந்திருக்கின்றன. துரத்தலாம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போதும் அந்தச் சீறல் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் கதவைச் சாத்துவதில்லை. கண்ணாடி கட்டிய குச்சியை எடுத்து, மேலே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன்.